செஞ்சி ராஜகிரிக் கோட்டை: ஏறி இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

செஞ்சிக்கு வந்துவிட்டு ராஜகிரி உச்சியைத் தொடாமலேயே திரும்புகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பெரும்பாலும் இளவட்டங்கள், காலில் தெம்பு உள்ளவர்கள். காலையில் வந்ததும் அடிவாரத்தில் கல்யாண மஹால் என்ற பழைய அடுக்குக் கட்டடத்தையும் களஞ்சியத்தையும் நிதானமாகச் சுற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பத்தரை மணிக்கு மேல்தான் படியில் கால் வைப்பார்கள். அதற்குள் பாறை சூடேறியிருக்கும். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துவிடும். அப்புறம் "இதுவரைக்கும் வந்ததே போதும்" என்று இறங்கிவிடுவார்கள்.

மலை சுமார் 800 அடி உயரம்தான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசை சரியாக அமைந்தால் மலையேறிப் பழக்கமில்லாதவரும் ஏறிவிடலாம். மலை முதலில், அடிவாரம் பிறகு. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே கைப்பிடிச் சுவரைத் தொட்டால் சுடும். அந்த மாதங்களில் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்து வருவதைத் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. மழைக்குப் பிறகு மலை பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும், ஆனால் பாறையில் பாசி படிந்திருக்கும். பல தலைமுறைக் கால்கள் பட்டுத் தேய்ந்த படிகள் இவை. ஈரத்தில் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போங்கள். இடி மின்னல் இருக்கும் நாளில் ஏறவே வேண்டாம். உச்சி திறந்தவெளிப் பாறை, சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. காலண்டரில் பௌர்ணமியையும் அமாவாசையையும் பாருங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் இந்தச் சாலை வழியாகத்தான் போகும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். இந்த இரண்டு நாளும் ஏறுவதில் சிக்கல் இல்லை, ஊர் திரும்புவதில்தான் சிக்கல். நான் முதல் தடவை பௌர்ணமி என்று தெரியாமல் போய், மலை ஏறி இறங்கிய காலோடு செஞ்சி பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வந்த பேருந்து எதிலும் கால் வைக்க இடமில்லை.

2. முந்தைய இரவே பக்கத்தில் வந்துவிடுங்கள்

சென்னையிலிருந்து செஞ்சி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். ரயிலில் வருபவர்கள் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

காலையில் சென்னையிலிருந்து கிளம்பி, அன்றே ஏறி, அன்றே திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் பத்தரை மணிக்குப் படியில் நிற்பவர்கள். பேருந்தில் வருவதாக இருந்தால் முந்தைய இரவே செஞ்சியிலோ திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் நாலரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தால் சரி.

கோட்டை ஊருக்கு மேற்கே, திருவண்ணாமலை சாலையில் இரண்டு கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. நடந்தே போகலாம்தான், ஆனால் அன்றைக்குக் கால் தெம்பைச் சேமித்து வைப்பது முக்கியம் என்பதால் ஆட்டோ பிடிப்பேன். ஆட்டோக்காரரிடம் "ராஜகிரி வாசல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாலைக்கு ஒருபுறம் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி, மறுபுறம் ராஜகிரி. வெறுமனே "கோட்டை" என்றால் எதன் அடியில் இறக்கிவிடுவார் என்று சொல்ல முடியாது.

3. பையில் என்ன, கையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மலைமேல் கடை கிடையாது. இரண்டு லிட்டரை ஒரே பெரிய பாட்டிலில் எடுத்து வராமல் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டில் ஏறுவதற்கு, இரண்டாவது உச்சிக்கும் இறங்குவதற்கும். உச்சியை அடையும்வரை இரண்டாவதின் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரே பாட்டிலாக இருந்தால் எவ்வளவு குடித்தோம் என்பது கண்ணில் படாது; பாதி வழியிலேயே முக்கால் பாட்டில் காலியாகிவிடும்.

தண்ணீரோடு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வியர்வையில் உப்பு போனால் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் குடித்தால் அது தீராது.

சாப்பிட ஏதாவது வேண்டுமென்றால் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். வாழைப்பழம், சிப்ஸ் பாக்கெட், புளிசாதப் பொட்டலம் எதுவும் மேலே போகக் கூடாது. காரணம் குரங்குகள், அதற்குத் தனியாக வருகிறேன்.

பை முதுகில் இரண்டு தோளிலும் மாட்டுவதாகவும், ஜிப் வைத்ததாகவும் இருக்கட்டும். கைப்பை, ஒரு தோள் பை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்.

காலுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. கடையில் நேற்று வாங்கிய ஷூவோடு வந்து கொப்புளத்தோடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹவாய் செருப்பு ஏறும்போது தெரியாது, இறங்கும்போது பாதம் முன்னால் நழுவி விரல் இடுக்கை அறுக்கும். புடவை கட்டி வருகிறவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். படிகளின் உயரம் ஒரே சீராக இல்லாததால் தடுக்கும்.

குடை வேண்டாம், தொப்பி போதும். உச்சியில் காற்று பலமாக அடிக்கும், குடை ஆளை இழுக்கும்.

4. வாசலில் செய்ய வேண்டியவை

காலை உணவை ஊரிலேயே முடித்துவிடுங்கள். நான்கு இட்லி நல்லது. பொங்கல் வேண்டாம், நெய்யும் மிளகுமாக வயிற்றில் கனமாக உட்கார்ந்துகொண்டு முதல் நூறு படியிலேயே மூச்சு வாங்க வைக்கும்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். சீட்டை பர்ஸில் பத்திரமாக வையுங்கள், அன்றைக்கே கிருஷ்ணகிரியும் போனால் கேட்பார்கள். மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மலை ஏற விடமாட்டார்கள். "மதியம் சாப்பிட்டுவிட்டு ஏறலாம்" என்ற திட்டம் பலருக்கு இங்கேதான் முடிந்துபோகிறது.

கழிப்பறையை அடிவாரத்திலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேலே கிடையாது. பெண்கள் பலர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறார்கள், அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒன்றரை மணி நேரம் வியர்த்து வழிய ஏறும்போது குடித்த தண்ணீர் வியர்வையாகவே போய்விடும். தைரியமாகக் குடியுங்கள்.

ட்ரோன் கொண்டு வந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

குழுவாக வந்திருந்தால், ஏறத் தொடங்கும் முன் திரும்பும் நேரத்தை எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். "பதினொன்றரைக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்பது மாதிரி. மேலே போன பிறகு களைப்பில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. உச்சி கண்ணில் தெரியும்போது திரும்பலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

5. முதல் பகுதி: அடிவாரத்திலிருந்து அம்மன் கோயில் வரை

உள்ளே நுழைந்ததும் கல்யாண மஹால் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும். பார்க்கத் தோன்றும். பார்க்காமல் நேராகப் படிக்குப் போங்கள். அது எங்கும் போகாது, மதியம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

தொடக்கப் படிகள் அகலமாகவும் எளிதாகவும் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, யார் முதலில் என்று போட்டி போட்டுக்கொண்டு ஏறுவார்கள். பத்தே நிமிடத்தில் மார்பு படபடக்க ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறுவதுதான் நல்லது. விரைவாக ஏறி, நின்று, மறுபடி விரைந்தால் ஒவ்வொரு முறையும் நெஞ்சுத் துடிப்பு உச்சிக்குப் போய்த் திரும்புகிறது. அதில்தான் தெம்பு கரைகிறது.

படியில் முழுப் பாதத்தையும் வையுங்கள். முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஏறினால் கெண்டைக்கால்தான் முழுப் பாரத்தையும் தூக்கும். உயரமான படி வந்தால் கையை முழங்காலில் ஊன்றி அழுத்தி எழுங்கள். நேராக ஏற முடியாத அளவு உயரமாக இருந்தால், படியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்காக நடந்து ஏறுங்கள். சுமைதூக்குகிறவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள்.

வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வரும். வாயிலுக்கு முன்னால் பாதை சட்டென்று திரும்புவதைக் கவனியுங்கள். எதிரிப் படையோ யானையோ ஓடிவந்து கதவில் மோத இடம் கொடுக்காமல் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அது நிழல். ஓய்வு எடுப்பதாக இருந்தால் வாயில் மண்டபங்களில் மட்டும் எடுங்கள். நின்றபடி இரண்டு நிமிடம், இரண்டு மடக்கு தண்ணீர், அப்புறம் கிளம்பிவிட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தசை இறுகிப்போய் எழுந்த பிறகு முதல் பத்து படி கஷ்டமாக இருக்கும்.

நடுவழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வருகிறது. அங்கே கைக்கடிகாரத்தையும் முதல் பாட்டிலையும் பாருங்கள். பாட்டிலில் பாதிக்குமேல் இருந்தால் நல்ல நிலைமை. பாட்டில் காலியாகி, தலையும் வலித்தால் திரும்புவதற்கு இதுதான் சரியான இடம். இதற்கு மேல் ஏற்றம் கடுமையாகும், நிழலும் குறையும்.

6. குரங்குகள்

இதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் மாமா பையன் ஒருமுறை எங்களோடு வந்தான். எவ்வளவோ சொல்லியும் மஞ்சள் நிறத் துணிக்கடைப் பையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டில்களும் போட்டுக் கையில் தொங்கவிட்டபடி ஏறினான். ஒரு வாயிலைத் தாண்டியதும் சுவர்மேல் ஒரு பெரிய ஆண் குரங்கு உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தை அது பார்க்கவே இல்லை, பையை மட்டும் பார்த்தது. இறங்கி வந்தது, பையின் அடியைப் பிடித்தது, ஒரே இழுப்பு. பை கிழிந்து பாட்டில்கள் படியில் உருண்டு ஓடின. ஒன்றை எடுத்து மூடியைக் கடித்துத் துளை போட்டு எங்கள் கண்முன்னாலேயே குடித்தது. நான்கு பேருக்கான தண்ணீர் அது. அன்றைக்கு அம்மன் கோயிலோடு திரும்பினோம்.

அதனால், பாட்டில் உட்பட எல்லாமே பைக்குள், ஜிப் மூடி. குடிக்க வேண்டுமென்றால் சுற்றிலும் பார்த்துவிட்டு எடுத்து, குடித்து, உடனே உள்ளே வையுங்கள். குளிர்பானம் கையில் இருக்கவே கூடாது.

குரங்கைக் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கையில் ஒரு குச்சி இருந்தால் போதும், ஓங்கத் தேவையில்லை. ஏதாவது பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்ப இழுக்காதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனை போக வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று விடக் கூடாது.

பாவம் என்று உணவு கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பைக்குள் சாப்பாடு இருக்கும் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கைகள்தான்.

7. இரண்டாம் பகுதி: பாலம் வரை

கோயிலைத் தாண்டியதும் பாதை பாறையை ஒட்டிச் செங்குத்தாகப் போகிறது. இங்கே பேச்சைக் குறைத்து, பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம், ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறாதீர்கள். அது நெருங்குவதாகவே தெரியாது. அடுத்த திருப்பத்தை மட்டும் பாருங்கள்.

பாறை விளிம்பிலோ வளைவுகளின் அடியிலோ மலைத்தேனீக் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் கடந்துவிடுங்கள். கல் எறிவது, விசில் அடிப்பது, புகைபிடிப்பது எதுவும் கூடாது. நெடியடிக்கும் சென்ட் போட்டுக்கொண்டும் வராதீர்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழியே இல்லை. கோட்டையின் கடைசிப் பூட்டு இதுதான்.

பாலத்தில் உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் நடுவில் நின்றுவிடுவதுண்டு. அவர்களைக் கேலி செய்யாமல், முன்னால் ஒருவர் நடக்க, அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கீழே பார்க்காமல் இருந்தால் பத்து எட்டில் முடிந்துவிடும். பாலத்தின்மேல் கூட்டமாக நின்று செல்ஃபி எடுப்பதைத் தவிருங்கள். பின்னால் வருகிறவர் பயத்தில் நிற்க இடமில்லாமல் தவிப்பார்.

8. உச்சியில்

சாதாரணமாக ஏறுகிறவருக்கு இதுவரை ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். போனதும் முதல் வேலை, நிழலில் உட்கார்ந்து இரண்டாவது பாட்டிலைத் திறப்பது. ஓ.ஆர்.எஸ். கலக்க வேண்டிய நேரமும் இதுதான்.

பத்து நிமிடம் கழித்துச் சுற்றுங்கள். ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், பீரங்கி எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. எதிரே கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி. மூன்று மலைகளையும் சேர்த்துக் கட்டிய மதில் வயல்களுக்கு நடுவில் ஓடுவதை இங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். அடிவாரத்தில் நடக்கும்போது துண்டு துண்டாகத் தெரிந்த கோட்டை இங்கே ஒரே கோட்டையாகக் கூடிவிடுகிறது. மலையை முதலில் ஏறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதிலின் ஓரக் கற்களில் ஏறி நிற்காதீர்கள். சுண்ணாம்புக் காரை வெளியே தெரியாமல் உள்ளுக்குள் உதிர்ந்திருக்கும். இருட்டு அறைகளில் நுழையும்முன் செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள். வௌவால் எச்சத்தில் வழுக்கும், மூலையில் பாம்பும் இருக்கலாம். பெயர் கிறுக்குவது குற்றம். 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதன் சுவரில் இதயம் வரைந்து அம்பு விட்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

9. இறங்குவது

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். மூச்சு வாங்காததால் எளிது என்று நினைத்து வேகமெடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதும் முழங்காலில் இறங்குவது அப்போது தெரியாது.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொண்டு சின்ன அடியாக வையுங்கள். காலை விறைப்பாக நீட்டி இறங்கினால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்குங்கள். ஷூ கயிற்றை மேலேயே இறுக்கிக் கட்டிவிடுங்கள். தளர்வாக இருந்தால் கட்டைவிரல் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

கால் நடுங்க ஆரம்பித்தால் அது தொடைத் தசை சோர்ந்ததன் அடையாளம். உடனே ஒரு வாயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். குறுக்குவழி என்று படியை விட்டுப் பாறைச் சரிவில் இறங்கும் பையன்களைப் பின்தொடராதீர்கள்.

10. இப்போது அடிவாரம்

மணி பதினொன்று, பன்னிரண்டு ஆகியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தும், ஆனால் களஞ்சியத்தின் கனத்த சுவருக்குள் நுழைந்தால் சில்லென்று இருக்கும். கல்யாண மஹால் மாடி அறைகளிலும் காற்று வரும். உச்சி வெயில் நேரத்தை இங்கே செலவிடுங்கள். காலையில் பார்த்திருந்தால் இந்த நிழல் வீணாகப் போயிருக்கும்.

யானைக்குளத்திலும் மற்றக் குளங்களிலும் கை கால் கழுவக்கூட இறங்க வேண்டாம். பாசி பிடித்த கற்படியில் வழுக்கினால், சோர்ந்த காலோடு ஏறி வருவது கஷ்டம்.

நேரம் இருந்தால் வெளிக்கோட்டையில் இருக்கும் வேங்கடரமணர் கோயிலுக்குப் போங்கள். இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்ற தூண்கள்தான் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

11. கிருஷ்ணகிரியையும் அன்றே ஏறலாமா?

ராஜகிரியைவிட உயரம் குறைவு, ஏறவும் குறைந்த நேரமே ஆகும். மேலே குவிமாடத்தோடு கூடிய தர்பார் மண்டபம் நன்றாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து, படியில் இறங்கும்போது முழங்கால் வலிக்காமல் இருந்தால் போகலாம். தண்ணீரை மறுபடி இரண்டு பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள், நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலித்தால் ஊருக்குள் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை திறந்ததும் அதை முதலில் ஏறுங்கள்.